வேறு கையெழுத்தில் நான்கு நாட்கள்

அம்மாவும் நானும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, நான்கு ரப்பர் புஷ்களை அளந்து பார்த்ததுதான். வாக்கரின் கால் நுனியில் மாட்டுகிற ரப்பர். தேய்ந்தால் ஈரத் தரையில் வழுக்கும்.

திங்கட்கிழமை மாலை. சாப்பாட்டு மேசையில் மடித்த காகிதம் ஒன்றை விரித்தாள். அதில் பென்சிலால் ஒரு வட்டம். பழைய ரப்பரைக் கழற்றிவிட்டு, வாக்கரின் காலைக் காகிதத்தின்மேல் நிறுத்தி, சுற்றிக் கோடு போட்டு எடுத்து வந்திருந்தாள். கோடு போட்டு ஏழு வாரம் ஆகியிருந்தது. அந்த வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று அவளிடம் சொல்லி ஆறு வாரம்.

பென்சில் முனையின் கனத்தைக் கழித்துப் பார்த்தேன். "இருபத்திரண்டு மில்லி. சரியா இருக்கு."

"கடைக்காரன் கட்டைவிரலை விட்டுப் பாத்தே சொல்லிட்டான். உனக்குத்தான் பொட்டி, கொறடு எல்லாம் வேணும்."

"கொறடு இல்லம்மா. கேலிப்பர், அளவு எடுக்கிறது."

"என்னமோ ஒண்ணு. மாட்டும்ல?"

"மாட்டும்."

"இன்னொரு தடவை பாருடி. மாட்டலன்னா திரும்பக் கொண்டுபோக முடியாது. ஒரு தடவைதான் போக முடியும்."

இன்னொரு தடவை அளந்தேன். அவள் நான்கையும் காகிதத்தில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, கைப்பையின் வெளிப்பக்கத்தில் வைத்தாள். வியாழக்கிழமை காலை, வெளியே கிளம்பி, செருப்பு வாரை மாட்டக் குனிந்தவள் நிமிரவில்லை. வயது ஐம்பத்தாறு. இதயம் என்றார்கள்.

நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். தராசு, வெப்பமானி, அழுத்தமானி. எங்கள் இடத்தில் ஒரே ஒரு சட்டம். எடுத்த அளவு எதையும் மறைக்கக் கூடாது. ஒத்துவராத எண்ணையும் எழுதி, அடியில் குறிப்புப் போட வேண்டும். அம்மாவின் விஷயத்தில் நான் செய்த தப்பு அங்கிருந்துதான் வந்தது.

அப்பா பதினோரு மாதம் படுக்கையில் கிடந்தார். அம்மாவுக்குப் பயிற்சி அதுதான். அவர் போனபின், வீடுகளுக்குப் பராமரிப்பாளர்களை அனுப்பும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தாள். ஒன்பது வருடம். சேர்ந்த அன்று 'ஊழியர்' என்று அட்டை கொடுத்தார்கள். நான்காம் வருடம் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனில் ஓர் ஆப் போட்டுக் கொடுத்தார்கள். அதில் அவள் பெயருக்குக் கீழே 'பார்ட்னர்' என்று இருந்தது.

"என்னை முதலாளி ஆக்கிட்டாங்கடி," என்று சிரித்தாள். "இனிமே என்னைப் பாத்தா நீ எந்திரிச்சு நிக்கணும்."

முதலாளிக்கு நீலச் சட்டை கட்டாயம். ஏழு நிமிடம் தாமதமானால் ஆப்பில் சிவப்புப் புள்ளி விழும். வேலை பார்க்கும் வீட்டாருக்குத் தன் சொந்த எண்ணைக் கொடுக்கக் கூடாது. மேற்பார்வை பார்க்கிற பெண்மணியை எல்லாரும் மேடம் என்பார்கள். மேடம் கூப்பிட்டால் போன் மூன்றாவது முறை அடிப்பதற்குள் எடுக்க வேண்டும். அம்மா குளிக்கும்போதும் போனை பாத்ரூம் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுப் போவாள். "அடிச்சா கதவைத் தட்டு," என்பாள்.

கடைசி மூன்று வருடம் ஒரே வீடு. பக்கவாதம் வந்த பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்றவர். இடது பக்கம் விழுந்துவிட்டது. முதல் வருடம் முழுக்கப் படுக்கை. பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம்வரை பத்தடி நடக்க வைத்தாள். படுக்கையில் தானாகப் புரள மட்டும் அவரால் முடியவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தோல் சிவந்து, புண்ணாகும்.

ஒருநாள் மதியம் சாவி கொடுக்கப் போனபோது அவள் திருப்புவதைப் பார்த்திருக்கிறேன். கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். "ஐயா, வலது பக்கம் போறோம்," என்று சொன்னாள். அவர் "ஹோல்டான்!" என்றார். முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து, ஒரே வீச்சில் திருப்பினாள். முதுகுக்குத் தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. குதிகாலையும் காது மடலையும் தடவிப் பார்த்தாள். அவர் "ரைட், போலாம்," என்றபிறகுதான் கையை எடுத்தாள். பிறகு படுக்கையோரம் கிடந்த கோடு போட்ட நோட்டில் நேரம் எழுதி, பக்கத்தில் ஓர் எழுத்து. இடது என்றால் இ. வலது என்றால் வ. மல்லாக்க என்றால் ம.

தாமதமானால் காரணமும் எழுதுவாள். 'மேடம் போன். சட்டைக் கலர் பற்றி. 6 நிமிடம் தாமதம்.' 'மேடம் போன். 4 நிமிடம்.' யார் கேட்கிறார்கள் என்று எழுதினாளோ தெரியாது. கண்டக்டரின் மருமகள் டாக்டரிடம் காட்டுவதற்காக அம்மா வாரம் ஒருமுறை பக்கங்களைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்புவாள். ஒரு பிரதி அம்மாவின் போனிலும் இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பாத்ரூம் வாசலில் வாக்கரின் முன் வலது கால் வழுக்கியது. ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. அவர் சாய்ந்தார். அம்மா வலது கையால் தாங்கினாள். எழுபது கிலோ ஆள். அவருக்கு ஒரு கீறல் இல்லை. "ஹோல்டான் ஹோல்டான்னு என் கழுத்தைக் கட்டிக்கிட்டு விடவே இல்லடி," என்று வீட்டில் வந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே தட்டை இடது கையால் எடுத்தாள்.

மறுநாள் கையைத் தூக்க முடியவில்லை. மேடத்துக்கு போன் செய்தாள். நான் பக்கத்தில் இல்லை. மேடம் சொன்னதாக அம்மா சொன்னது இதுதான்: பேஷன்ட் வீடு காலியாக இருக்கக் கூடாது, யாரையாவது அனுப்புங்கள், ஆனால் ஆப் இடத்தைக் காட்டும், அதனால் உங்கள் போன்தான் அங்கே இருக்க வேண்டும்.

அம்மா தோழியை அனுப்பினாள். அதே நிறுவனத்தில் வேலை செய்பவள். நடையும் பேச்சும் வேகம். கண்டக்டர் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்திருந்தார். அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு நான்கு நாள் போனாள். நோட்டிலும் எழுதினாள். அவளுடைய 'வ'வுக்கு நீண்ட வால் இருக்கும்.

ஐந்தாம் நாள் அம்மா ஒரு கையோடு வேலைக்குத் திரும்பினாள். தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது, சிகிச்சை வேண்டும், ஓய்வு வேண்டும் என்றார் டாக்டர். நிறுவனத்தைக் கேட்டாள். மேடம் சொன்ன பதிலை நான் ஸ்பீக்கரில் கேட்டேன்.

"நீங்க சுயதொழில் பண்றவங்கம்மா. உங்க கை உங்க பொறுப்பு. நாளைக்கு உங்க வீட்டுக் குழாய் உடைஞ்சா அதுக்கும் எங்களைக் கேப்பீங்களா?"

தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். அம்மா அந்த நிறுவனத்தின் ஊழியர்தான் என்று அவர்கள் சொன்னால் சிகிச்சை கிடைக்கும். சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை. நோட்டின் படங்களை வைத்து நான் ஓர் அட்டவணை தயாரித்தேன். தேதி, நேரம், பக்கம், தாமதம், காரணம். மேடம் எத்தனை முறை கூப்பிட்டு என்னென்ன உத்தரவு போட்டார் என்பது தெளிவாகத் தெரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

"அந்த நாலு நாளை எடுத்துடு," என்றாள் அம்மா.

"எடுத்தா நடுவுல ஓட்டை விழும். எங்கேன்னு கேப்பாங்க."

"கேட்டா கேக்கட்டும். அவளுக்குப் புள்ளைங்க இருக்கு."

"பேரு போடலம்மா. டேட்டாவை வெட்டக் கூடாது."

அடிக்குறிப்பு போட்டேன். 'இந்த நான்கு நாட்களின் கையெழுத்து வேறு, உதவிக்கு வந்தவருடையது.' அந்த நாட்களுக்கு நேரத்தையும் பக்கத்தையும் மட்டும் எடுத்து எழுதினேன். நோட்டுப் பக்கங்களின் படங்களைப் பின்னால் இணைத்தேன். அம்மா அன்றைக்கு மூன்று முறை எழுந்து அடுப்பு அணைத்திருக்கிறதா என்று பார்த்தாள்.

புகார் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்த வாரமே கண்டக்டர் வீட்டிலிருந்து அவளை எடுத்தார்கள். அந்த வீட்டாரை நேரில் அணுகினால் ஒப்பந்த மீறல் என்று செய்தி வந்தது. பிறகு காலை ஆறுக்கு நகரத்தின் ஒரு கோடியில் ஒரு வீடு, எட்டரைக்கு மறு கோடியில் ஒரு வீடு என்று ஆப் காட்டியது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரப் பயணம். மறுத்தாள். நட்சத்திரம் குறைந்தது. அதன்பிறகு திரையில் ஒரே வரி. 'தற்போது பணி எதுவும் இல்லை.'

காரணம் கேட்டு போன் செய்தாள்.

"நீங்கதான் சொந்த முதலாளியாச்சே," என்றார் மேடம். "முதலாளிக்கு நாங்க எப்படி வேலை கொடுக்கிறது?"

அம்மா போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அது அவள் கையைவிட்டு இறங்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையை இழுத்து விடுவாள். சார்ஜ் எண்பதுக்குக் கீழே போனால் பதறுவாள். இரண்டு மணி நேரம் ஆனால், எங்கே இருந்தாலும், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். "இப்ப இடது பக்கம் இருக்கணும் அவரு," என்பாள்.

முதல் விசாரணை. சின்ன அறை, இரும்பு பீரோ, ஒரு கால் ஆடுகிற மேசை. அம்மா அதன் கீழே காகிதத்தை மடித்துச் செருகிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். நிறுவனத்தின் வக்கீல் இளைஞர். மரியாதையான குரல். என் அட்டவணையை எடுத்தார்.

"ஐயா, இது இவங்களே கொடுத்தது. பக்கம் ஆறு, அடிக்குறிப்பு." வாசித்தார். "நான் இன்னிக்கு வரலன்னா எனக்குப் பதிலா என் தம்பியை அனுப்ப முடியுமா? முடியாது. ஏன்னா நான் சம்பளக்காரன். இவங்க அனுப்பியிருக்காங்க. அப்ப தொழில் இவங்களோடது. நாங்க சொல்றதும் அதுதான்."

அதிகாரி அம்மாவைப் பார்த்தார். "நீங்களா அனுப்புனீங்க?"

"முதுகு புண்ணாயிடுமேன்னு அனுப்புனேன்யா. மேடம்தான் அனுப்பச் சொன்னாங்க."

"எழுத்துல இருக்கா?"

"போன்ல சொன்னாங்க."

"அப்படி யாரும் சொல்லல," என்றார் வக்கீல். "சரி, வந்தவங்க யாரு?"

அம்மா குனிந்து, மேசைக் காலின் கீழே செருகியிருந்த காகிதத்தைச் சரிசெய்தாள்.

"யாருன்னே தெரியாத ஒருத்தரை நோயாளி வீட்டுக்கு அனுப்புனீங்களா?"

அதிகாரி வேறு தேதி போட்டார்.

யார் என்பது மேடத்துக்கு முன்பே தெரியும். இரண்டு நாளில் எக்ஸ்பிரஸின் ஆப் முடங்கியது. 'உங்கள் கணக்கு ஆய்வில் உள்ளது.'

அம்மா அவள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நானும் கூடப் போனேன். மூன்றாம் மாடி. கதவைப் பாதி திறந்த எக்ஸ்பிரஸ், எங்களைத் தாண்டிப் படிக்கட்டைப் பார்த்தாள்.

"அக்கா, யாரும் பாக்கலையே?"

"யாரு பாக்கப் போறா? நான் என்ன கல்யாண ஊர்வலமா வந்தேன்?"

எக்ஸ்பிரஸ் சிரிக்கவில்லை. உள்ளே விட்டாள். ஒரு கடிதத்தைக் காட்டினாள். அச்சடித்து வந்திருந்தது. 'தோழி தனிப்பட்ட முறையில் கேட்டதால் சென்றேன். நிறுவனத்துக்குத் தெரியாது.' கீழே கையெழுத்துக்கு இடம்.

"போட்டா உடனே கணக்கு திறந்துடுமாம். மேடமே போன் பண்ணாங்க."

"போட்டுடு," என்றாள் அம்மா.

"அம்மா!" என்றேன்.

"நீ சும்மா இரு. உன் சட்டம் உன் ஆபீஸோட. இவ வீட்ல அடுப்பெரியணும்." எக்ஸ்பிரஸின் பக்கம் திரும்பினாள். "பேனா இருக்கா? இல்ல என்கிட்ட இருக்கு."

"நாளைக்குப் போடறேன்க்கா."

"எதுலயும் பறப்ப. இதுல மட்டும் பாசஞ்சர் வண்டியா?"

அப்போதுதான் சிரித்தாள். ஆனால் பேனாவை வாங்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என்னைத் திட்டவில்லை. இறங்குகிற நிறுத்தம் வந்தபோது, "அந்தக் குறிப்பை நீ நல்லதுக்குத்தான் போட்ட, எனக்குத் தெரியும்," என்றாள். திட்டியிருக்கலாம்.

அந்த வாரம்தான் கண்டக்டரின் மருமகள் வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டாள். புதிதாக வருகிறவர்கள் வாராவாரம் மாறுகிறார்கள், மாமனார் யாரிடமும் ரைட் சொல்வதில்லை, வாக்கர் இன்னும் வழுக்குகிறது என்றாள். ரப்பர் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தீர்களே என்று கேட்டாள். நிறுவனத்திடம் சொன்னால், சாமான் எங்கள் வேலை இல்லை என்றார்களாம். வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. காலை பத்து மணிக்கு கேட் பக்கம் நிற்பதாகச் சொன்னாள். உள்ளே வர வேண்டாம், கையில் கொடுத்தால் போதும்.

"யாராவது போட்டோ எடுத்துட்டா கேஸ் போச்சு," என்றேன்.

"கேஸ் போனா போகட்டும். அவரு விழுந்தா?"

வியாழக்கிழமை நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

துக்கத்துக்கு எக்ஸ்பிரஸ் வந்தாள். சுவரோரம் நின்றாள். என் பக்கம் வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்றே நினைத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டாம் விசாரணை. அம்மாவுக்குப் பதிலாக நான் போனேன். போகாமல் இருக்கலாம் என்றுதான் தோன்றியது. அட்டவணை என்னுடையது என்பதால் போனேன்.

அறைக்கு வெளியே பெஞ்சில் நீலச் சட்டையோடு எக்ஸ்பிரஸ் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "அக்கா பேனாவை என் வீட்லயே வெச்சுட்டுப் போயிட்டாங்க," என்று நீட்டினாள். கடிதத்தையும் காட்டினாள். கையெழுத்து இடம் வெறுமையாக இருந்தது.

உள்ளே அதிகாரியிடம் படபடவென்று சொன்னாள். "அந்த நாலு நாள் போனது நான்தான்யா. அக்கா போன் என் கையிலதான் இருந்துச்சு. ரெண்டாம் நாள் மேடம் கூப்பிட்டாங்க. நான்தான் எடுத்தேன். 'யாரு, நீயா, சரி, போன் பேஷன்ட் ரூமை விட்டு வெளிய போகக் கூடாது, வீட்டுக்காரங்க கேட்டா பழைய ஆளுக்குக் காய்ச்சல்னு சொல்லு'ன்னாங்க. அப்புறம் சட்டை சரியா இருக்கான்னு கேட்டாங்க."

"இப்ப என்ன வேணா சொல்லலாம்," என்றார் வக்கீல். "ஆதாரம்?"

"நோட்டைப் பாருங்க. நான் எழுதியிருக்கேன்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். நான் அட்டவணையைப் புரட்டினேன். அதில் இல்லை. பின்னால் இணைத்திருந்த படங்களை எடுத்தேன். இரண்டாம் நாள். 11.20. நீண்ட வாலோடு ஒரு வ. அதன் கீழே சின்ன எழுத்தில்: 'மேடம் போன். 8 நிமிடம் தாமதம்.'

வேறு கையெழுத்து என்று அடியில் குறித்த நான், அந்தக் கையெழுத்தை வாசிக்கவில்லை. எண்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதல் விசாரணையில் அந்தப் படம் என் மடியில் இருந்தது. நான் கையோடு கொண்டுபோயிருந்த அம்மாவின் போனில் அதே நாள், அதே நேரம், மேடத்தின் எண்ணிலிருந்து எட்டு நிமிட அழைப்பு பதிவாகியிருந்தது. அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வக்கீல் தண்ணீர் குடித்தார்.

அம்மா தோற்றுவிட்டோம் என்ற நினைப்போடு செருப்பு மாட்டக் குனிந்தாள். எக்ஸ்பிரஸிடம் கையெழுத்துப் போடச் சொன்னதும் அந்த நினைப்பில்தான். ஒரு வரி. நான் வாசித்திருந்தால் போதும்.

ஐந்து வாரம் கழித்து உத்தரவு வந்தது. அம்மாவின் பெயருக்கு. தபால்காரர் அவள் கையெழுத்து வேண்டும் என்றார். இல்லை என்றேன். என்னிடம் வாங்கிக்கொண்டார். மனுதாரர் நிறுவனத்தின் ஊழியரே. அந்த நான்கு நாட்களின் மாற்று ஏற்பாடும் நிறுவனம் சொல்லி நடந்ததே. புகார் காரணமாகவே அவர் பணியிலிருந்து விலக்கப்பட்டார். சிகிச்சை, மீண்டும் பணியில் அமர்த்துதல் ஆகியவற்றின் எதிரே ஒரே சொல். 'பொருந்தாது.'

எக்ஸ்பிரஸின் கணக்கு இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. அவள் தனிப் புகார் கொடுத்திருக்கிறாள். அட்டவணை நான்தான் போடுகிறேன். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசிக்கிறேன். அவள் எதிரே உட்கார்ந்து, "அடுத்தது, அடுத்தது," என்று அவசரப்படுத்துகிறாள். எந்த நாளை எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடுவேன் என்று சொன்னேன். அவள் எதையும் எடுக்கச் சொல்லவில்லை.

உத்தரவு வந்த மாலை கண்டக்டரின் மருமகள் கூப்பிட்டாள். அம்மா போனது அவளுக்குத் தெரியாது. அந்த வியாழக்கிழமை பத்திலிருந்து பத்தரைவரை கேட்டில் நின்றிருக்கிறாள். பயந்து வரவில்லை என்று நினைத்துக்கொண்டாளாம். சொன்னேன். அவள் அழுதாள். வாக்கர் காலில் இப்போது துணி சுற்றியிருப்பதாகவும், துணி ஈரமாகிவிடுகிறது என்றும் இடையில் சொன்னாள்.

அம்மாவின் கைப்பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அன்றிலிருந்து அதை நான் தொடவில்லை. இறக்கி, வெளிப்பக்கத்து ஜிப்பைத் திறந்தேன். பொட்டலம் அப்படியே இருந்தது. ரப்பர் பேண்ட் கொஞ்சம் பிசுபிசுத்தது. சுற்றியிருந்தது அந்த வட்டம் போட்ட காகிதம்தான். மேலே அவள் எழுதியிருந்தாள். வலது கையைத் தூக்க முடியாததால் எழுத்து சரிந்திருந்தது.

'கண்டக்டர் ஐயா வீடு. முன் வலது கால் முதலில்.'